அம்மாவைப் பாத்துக்கிட்டே என்னை எப்படிப் பாத்துக்கறது? பாட்டு, யோகா, தியானம், எதுல ஆரம்பிக்கலாம்?

காவேரிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப்போறேன், பொறுத்துக்கங்க.

எனக்கு 47 வயசு, கும்பகோணம். அம்மாவுக்கு 75. மூணு வருஷமா மறதி நோய், அல்சைமர்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அப்பா தவறி ஆறு வருஷம் ஆச்சு. பகல்ல அம்மா ஓரளவு அமைதியாத்தான் இருப்பாங்க, சாயங்காலம் அஞ்சரை ஆனா போதும், விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு பதட்டம் வந்துடும், "நான் எங்க வீட்டுக்குப் போகணும்"னு வாசக்கதவைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க, இதாம்மா உங்க வீடுன்னு சொன்னா இன்னும் கோவம் வரும். ராத்திரி ரெண்டு மூணு தடவை எழுந்திருப்பாங்க, கூடவே நானும் எழுந்திருக்கணும். சேர்ந்தாப்புல நாலு மணி நேரம் தூங்கி எத்தனை மாசம் ஆச்சுன்னே தெரியல.

போன மாசம் தலை கனமாவே இருக்குன்னு பிபி பாத்தா 150க்கு 94. டாக்டர் மாத்திரை எழுதிட்டு "யோகா, தியானம் ஏதாவது பண்ணுங்கம்மா, மனசை லேசா வச்சுக்கங்க"ன்னாங்க. எப்படின்னு கேக்கறதுக்குள்ள அடுத்த ஆளைக் கூப்பிட்டாச்சு. வீட்டுக்கு வந்து யூடியூப்ல 45 நிமிஷ வகுப்பு ஒண்ணு போட்டேன், பாயை விரிச்சு பத்து நிமிஷம் ஆகலை, அம்மா நாலு தடவை கூப்பிட்டுட்டாங்க. இன்னொரு வீடியோ பாத்து கபாலபாதி பண்ணேன், ரெண்டாவது நாளே தலை சுத்தி சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். தியானத்துக்கு ஒரு ஆப் இறக்கினேன், அதுல கண்ணை மூடச் சொல்றாங்க, மூடினா எனக்கு அழுகைதான் வருது, அதுவும் அடக்க முடியாத அழுகை, பயந்து போய் விட்டுட்டேன்.

இதுக்கு நடுவுல சொந்தக்காரங்க ஒருத்தங்க ராக சிகிச்சைன்னு ஒரு பென் டிரைவ் கொடுத்தாங்க. இந்த ராகம் பிபிக்கு, இது சர்க்கரைக்கு, இது தூக்கத்துக்குன்னு பேப்பர்ல எழுதியே கொடுத்திருக்காங்க. இது நிஜமா?

சின்ன வயசுல அம்மாதான் எனக்கு சரளி வரிசை சொல்லிக் கொடுத்தாங்க, கல்யாணத்தோட பாட்டு நின்னு போச்சு. இப்ப ஒரு நாளைக்கு எனக்குன்னு கிடைக்கிறது இருபது நிமிஷம், அதுவும் துண்டு துண்டா. இந்த இருபது நிமிஷத்துல எதைப் பண்ணா உடம்பும் மனசும் தாங்கும்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பாய்விரிப்பு:

சிஸ்டர், முதல் வேலையா கபாலபாதியை இன்னைக்கே நிறுத்திடுங்க. நான் சென்னைல பதினஞ்சு வருஷமா யோகா சொல்லிக் கொடுக்கறேன். பிபி ஏறி இருக்கிறவங்க வயித்தை வேகமா உதறி மூச்சு விடற கபாலபாதி, பஸ்திரிகா, அப்புறம் மூச்சை உள்ளயே பிடிச்சு வைக்கிற கும்பகம், தலைகீழா நிக்கிறது, இதெல்லாம் வீடியோ பாத்துப் பண்ணவே கூடாது. உங்களுக்குத் தலை சுத்துனதுல உங்க தப்பு எதுவும் இல்ல, அந்த வீடியோவுக்கு உங்க பிபி தெரியாது, அவ்வளவுதான்.

சென்னைல வாழ்ந்த யோகா குரு கிருஷ்ணமாச்சாரியார், அவர் பையன் தேசிகாச்சார், இவங்க வழில வந்த எங்களுக்கெல்லாம் முதல் பாடமே ஆளை யோகாவுக்கு வளைக்காதே, யோகாவை ஆளுக்குத் தகுந்த மாதிரி மாத்துங்கறதுதான். தேசிகாச்சார் 1976ல கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் தொடங்கினதும் இந்த மாதிரி ஒருத்தருக்கு ஒருத்தர் உக்காந்து பாத்துச் சொல்லிக் கொடுக்கத்தான். அதனால 45 நிமிஷம் பண்ண முடியலையேன்னு வருத்தப்படாதீங்க, உங்க வீட்டுக்குப் பொருந்துறதைப் பாப்போம்.

மூச்சுல ஆரம்பிங்க. நாலு எண்ணி உள்ள இழுங்க, ஆறு எண்ணி வெளிய விடுங்க, ஒரு எண்ணுக்கு ஒரு செகண்ட். அப்படிப் பண்ணா நிமிஷத்துக்கு ஆறு மூச்சு வரும். ஏன் வெளிய விடறது நீளம்னு கேட்டா, மணிக்கட்டுல விரல் வச்சு நீங்களே பாருங்க, மூச்சு உள்ள போகும்போது நாடி கொஞ்சம் வேகம் எடுக்கும், வெளிய போகும்போது தளரும். தளர்ற நேரத்தை நீட்டிக் கொடுக்கறோம், விஷயம் அவ்வளவுதான். மூச்சு முட்டுற மாதிரி இருந்தா மூணுக்கு நாலுன்னு குறைச்சுக்கங்க, வீம்பு வேண்டாம். இதுக்குப் பாயும் வேண்டாம், அம்மா பக்கத்துல உக்காந்து அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டே பண்ணலாம்.

ரெண்டாவது, அம்மாவைத் தூக்கி உக்கார வைக்கிறதுல உங்க முதுகு போயிருக்கும் (எழுதலைன்னாலும் தெரியுது). சமையல் மேடையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு ரெண்டடி பின்னாடி போய், இடுப்புல இருந்து மடங்கி முதுகை நீட்டுங்க, மூச்சை விட்டுக்கிட்டே. குக்கர் மூணு விசில் வர்றதுக்குள்ள அஞ்சு தடவை பண்ணிடலாம். மத்தியானம் அம்மா கண் அசரும்போது தரைல படுத்து முழங்காலுக்குக் கீழ உள்ள காலை மட்டும் நாற்காலி மேலயோ கட்டில் மேலயோ போட்டுக்கங்க, தலைக்கு சின்ன தலகாணி, ஒரு அஞ்சு நிமிஷம். தூக்கம் வந்தா தூங்குங்க, அது யோகாவை விடப் பெருசு இப்ப உங்களுக்கு.

மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க. பிபி இறங்கினா குறைக்கிறதை டாக்டர் பாத்துப்பாங்க.

நாதப்பிரியன்:

அக்கா, ராக சிகிச்சையை அப்படி ஒதுக்கிடாதீங்க. எங்கப்பாவுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி பிபி 160ல நின்னுச்சு, தினமும் ராத்திரி ஆனந்த பைரவி போட்டு விடுவேன், மூணு மாசத்துல 130க்கு வந்துடுச்சு. மாத்திரையும் போட்டாரு, இல்லன்னு சொல்லல. ஆனா பாட்டு போட்ட நாள்ல அவர் முகமே வேற மாதிரி இருக்கும். பென் டிரைவைத் தூக்கிப் போடாதீங்க, போட்டுக் கேளுங்க.

முத்துநகர்வாசி:

நான் தூத்துக்குடி. எங்க வீட்டுக்காரருக்கு பக்கவாதம் வந்து நாலு வருஷம் படுக்கைல இருந்தாங்க, போன வருஷம் கர்த்தருக்குள்ள போயிட்டாங்க. அதனால நீங்க எழுதினதை வாசிக்கும்போதே கண்ணு கலங்கிட்டு.

எனக்கு யோகா ஒண்ணும் தெரியாது. ஜெபமாலைதான் தெரியும். அவங்களைத் துடைச்சு, சாப்பாடு கொடுத்து, படுக்க வச்சுட்டு ஏழு மணிக்கு மேல கட்டில் பக்கத்துல உக்காந்து மணி உருட்ட ஆரம்பிப்பேன். அம்பத்திமூணு மணி அருள் நிறைந்த மரியே, பாதியை நான் சொல்லுவேன், மீதியை மக சொல்லுவா. அவ சொல்லும்போது நான் மூச்சு வாங்கிக்குவேன், நான் சொல்லும்போது அவ. முடியும்போது மனசுல இருந்த படபடப்பு எங்க போச்சுன்னே தெரியாது, அவங்களும் உறங்கியிருப்பாங்க. விசுவாசத்தால வந்த சமாதானம்னுதான் நான் நெனச்சேன், இப்பவும் அப்படித்தான் நெனைக்கேன்.

எங்க மக நர்சிங் படிக்கா. அவதான் காட்டினா, 2001ல இத்தாலில ஆராய்ச்சி பண்ணவங்க 23 பேரை வச்சுப் பாத்திருக்காங்களாம், லத்தீன்ல ஜெபமாலை சொல்ல வச்சும் பாத்திருக்காங்க, ஓம் மணி பத்மே ஓம்னு மந்திரம் சொல்ல வச்சும் பாத்திருக்காங்க. ரெண்டுலயும் மூச்சு தானா நிமிஷத்துக்கு ஆறு கிட்ட வந்து நிக்கி, இதயத் துடிப்பும் அதோட சேர்ந்து சீராகுதுன்னு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல போட்டிருக்காங்க. மேல அந்தத் தம்பி சொன்ன அதே ஆறு. நாலு ஆறுன்னு எண்ண முடியலைன்னா உங்களுக்குப் பழக்கமான தோத்திரம் ஏதாவது இருக்கும்லா, அதை வாய் விட்டு நிறுத்தி நிதானமாச் சொல்லுங்க. மனசுக்குள்ள சொன்னா எனக்கு ஓடிடும், வாய் விட்டுச் சொன்னாத்தான் நிக்கும்.

சுருதிப்பெட்டி:

காவேரிக்கரை, நான் பாட்டு வாத்தியார், முப்பது வருஷமா வாய்ப்பாட்டு சொல்லிக் கொடுக்கறேன். ராகத்து மேல எனக்கு இருக்கிற பக்தில யாருக்கும் குறைஞ்சவ இல்ல, அதனாலயே இதை அழுத்திச் சொல்றேன். இந்த ராகம் சர்க்கரையைக் குறைக்கும், இந்த ராகம் பிபியைக் குறைக்கும்னு மருந்துச் சீட்டு மாதிரி எழுதிக் கொடுக்கிறதை நம்பாதீங்க. நீலாம்பரியைத் தாலாட்டுக்கு வச்சாங்க, பூபாளத்தைக் காலைக்கு வச்சாங்க, அது நம்ம பாட்டி வழி வழியா கேட்டு வளர்ந்த பழக்கம், அந்தப் பழக்கத்துக்கே ஒரு பலம் இருக்கு. கர்நாடக சங்கீதமே கேக்காம வளர்ந்த ஒருத்தருக்கு ஆனந்த பைரவி போட்டா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது, சேனல் மாத்துவார். நாதப்பிரியன் தம்பி, உங்க அப்பா முகம் மாறினது உண்மை. தினம் ராத்திரி பையன் பக்கத்துல உக்காந்து பாட்டு போட்டானே, வேகம் குறைஞ்ச, சத்தம் குறைஞ்ச, அவருக்குப் பிடிச்ச பாட்டு, அது எல்லாம் சேர்ந்துதான் அந்த முகம். அதைக் குறைச்சு மதிக்கல நான்.

இப்ப உங்க அம்மா விஷயம். எங்க மாமியாருக்கும் இதே நோய், அஞ்சு வருஷம் கூட இருந்து பாத்தேன். பெயர், நாள், கிழமை எல்லாம் போன அப்புறமும் பாட்டு ரொம்ப நாள் தங்கும். அதுவும் பத்து வயசுல இருந்து இருபத்தஞ்சு முப்பது வயசு வரைக்கும் கேட்ட பாட்டு. உங்க அம்மாவுக்கு அது 60கள், 70கள். கே.வி.மகாதேவன், எம்.எஸ்.விஸ்வநாதன் இசைல சுசீலா, டி.எம்.எஸ். பாடினது, சூலமங்கலம் சகோதரிகள் பக்திப் பாட்டு, எது அந்த வீட்ல ஓடுச்சுன்னு பெரியம்மா, சித்தி யாரையாவது கேட்டு ஒரு இருபது பாட்டு எடுங்க. யூடியூப்ல நேரா போடாதீங்க, நடுவுல விளம்பரம் கத்தும், அந்தச் சத்தத்துல அவங்க மிரண்டுடுவாங்க. பென் டிரைவ்ல ஏத்தி சின்ன ஸ்பீக்கர்ல போடுங்க, காதுல மாட்ட வேண்டாம், குரல் எங்கேந்து வருதுன்னு தெரியாம பயப்படுவாங்க. முக்கியமா, பதட்டம் வந்த அப்புறம் போடாதீங்க. அஞ்சரைக்கு ஆரம்பிக்கும்னா அஞ்சுக்கே போட்டுடுங்க. ஒரு பாட்டுக்கு முகம் சுருங்குனா அந்தப் பாட்டை அதோட எடுத்துடுங்க, பாட்டு சந்தோஷத்தை மட்டும் கொண்டு வராது.

உங்களுக்கு நான் சொல்றது, கேக்காதீங்க, பாடுங்க. சுருதிக்கு போன்லயே இலவச ஆப் இருக்கு. சுருதி அஞ்சு கட்டை எட்டலைன்னா நாலரை, நாலுன்னு இறக்கிக்கங்க, குரல் இத்தனை வருஷம் தூங்கியிருக்கு, அதட்டி எழுப்பாதீங்க. "ச" ஒண்ணை மட்டும் மூச்சு இருக்கிற வரைக்கும் நீட்டுங்க, அப்புறம் வாயை மூடி "ம்"னு அதே ஸ்தாயில. பத்து தடவை போதும். ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கணும்னா மூச்சை மெதுவா வெளிய விட்டே ஆகணும், எண்ணிக்கை தானா வந்துடும். அது படிஞ்ச அப்புறம் சரளி வரிசை, மாயாமாளவகௌளை ராகத்துல, முதல் காலம், அதாவது மெதுவான வேகம் மட்டும். அம்மா முன்னாடியே பாடுங்க. அவங்கதானே குரு.

மலையடிவாரம்:

வணக்கமுங்க அக்கா. நானு பொள்ளாச்சிப் பக்கம். ஆழியாறுல வேதாத்திரி மகரிஷி அய்யா அமைச்ச இடத்துல மனவளக்கலை கத்துக்கிட்டவன், அப்புறம் சென்னை திருமுடிவாக்கத்துல பத்து நாள் விபாசனா தியான முகாம்லயும் இருந்துட்டு வந்தேனுங்க. தியானத்தைப் பத்தி மட்டும் சொல்றேன்.

கண்ணை மூடினா அழுகை வருதுன்னீங்க பாருங்க, அது தியானம் தப்பாப் போனதுன்னு நெனைக்காதீங்க. நாள் பூரா ஒண்ணு மாத்தி ஒண்ணு வேலை, சும்மா உக்கார்ற அந்த அஞ்சு நிமிஷத்துலதான் மனசுக்கு நேரம் கிடைக்குது. ஆனா அதுக்காக அழுதுக்கிட்டே உக்காந்திருக்கணும்னும் இல்லீங்க. கண்ணைத் திறந்தே பண்ணுங்க. வாசல்ல இருந்து கொல்லை வரைக்கும் மெதுவா நடந்து, பாதம் தரைல படறதை மட்டும் கவனிங்க. துணி மடிக்கும்போது துணியோட சூட்டைக் கவனிங்க. மகரிஷி அய்யா வகுத்த எளியமுறை உடற்பயிற்சில கடைசியா உடல் தளர்த்தல்னு ஒண்ணு வருமுங்க, படுத்துக்கிட்டு கால் கட்டை விரல்ல இருந்து தலை வரைக்கும் ஒவ்வொரு இடமா தளர விடறது. ராத்திரி அம்மா எழுப்பி விட்டு மறுபடி படுக்கும்போது அதைப் பண்ணுங்க, எனக்கெல்லாம் முட்டி தாண்டறதுக்குள்ள தூக்கம் வந்துரும்.

யாராவது பத்து நாள் விபாசனா போயிட்டு வா, எல்லாம் சரியாயிரும்னு சொன்னா இப்ப போகாதீங்க. அருமையான இடமுங்க, காசே வாங்கறதில்ல, ஆனா காலைல நாலு மணிக்கு மணி அடிச்சா ராத்திரி ஒம்பது வரைக்கும் பேச்சில்லாம உக்காரணும், போனும் வாங்கி வச்சுக்குவாங்க. தூக்கமில்லாம, துக்கம் நெஞ்சு முட்ட இருக்கிறவங்களுக்கு அது தாங்காது. அவங்க விண்ணப்பத்துலயே மன நோய் இருக்கா, மருந்து எடுக்கறீங்களான்னு கேப்பாங்க, காரணத்தோடதான் கேக்கறாங்க.

வார்டுநம்பர்7:

நான் மனநல வார்டுல நர்ஸ். எல்லாரும் நல்லாவே சொல்லியிருக்கீங்க, ஆனா ஒண்ணை யாரும் கேக்கல. அக்கா, ராத்திரி உங்களை மாத்தி விட ஆள் யாரு? கூடப் பிறந்தவங்க இருக்காங்களா? நாலு மணி நேரத் தூக்கத்துல ஒருத்தர் எத்தனை பிராணாயாமம் பண்ணாலும் பிபி இறங்காது. வாரத்துல ரெண்டு ராத்திரி, வெறும் ரெண்டு ராத்திரி, வேற யாராவது அம்மா பக்கத்துல படுக்கட்டும். பணம் அனுப்பறேன்னு சொல்ற அண்ணன் தம்பி இருந்தா அந்தப் பணத்துல ரெண்டு நாள் நைட்டுக்கு ஆள் போடுங்க. இதைக் கேக்கறதுல வெக்கமே வேண்டாம்.

அம்மாவுக்கு: நாலு மணிக்கு மேல காபி வேண்டாம். காலைல அரை மணி நேரம் வெயில் படுற மாதிரி திண்ணைல உக்கார வைங்க. சாயங்காலம் இருட்டறதுக்கு முன்னாடியே எல்லா லைட்டையும் போட்டுடுங்க, நிழல் விழுந்தா அவங்களுக்கு பயம். "வீட்டுக்குப் போகணும்"னு சொன்னா இதான் வீடுன்னு வாதாடாதீங்க, "சரிம்மா, உங்க வீட்ல முற்றம் பெருசா?"ன்னு கேளுங்க, பேச ஆரம்பிச்சுடுவாங்க. குழப்பம் திடீர்னு ஒரே நாள்ல அதிகமாச்சுன்னா யூரின் இன்ஃபெக்ஷன், மலச்சிக்கல், எங்கயாவது வலி இருக்கான்னு டாக்டர்கிட்ட காட்டுங்க, அதைப் பாட்டு போட்டு சரி பண்ண முடியாது.

உங்களுக்கு: அழுகை ரெண்டு வாரத்துக்கு மேல தினமும் வருது, எதுலயும் மனசு ஒட்டல, வாழ்ந்து என்ன பண்றதுன்னு தோணுதுன்னா அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. 14416, டெலி மானஸ்னு மனநல உதவி எண், 2022ல மத்திய அரசு ஆரம்பிச்சது, இலவசம், நடுராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். மறதி நோய் குடும்பங்களுக்குன்னே ஏ.ஆர்.டி.எஸ்.ஐ.ன்னு ஒரு சங்கம் 1992ல இருந்து இருக்கு, அவங்ககிட்டயும் பேசிப் பாருங்க. யோகாவை நேர்ல ஒருத்தர் பாத்துச் சொல்லிக் கொடுத்தா நல்லதுன்னு தோணுச்சுன்னா, அரசு ஆஸ்பத்திரிகள்ல யோகா இயற்கை மருத்துவப் பிரிவு வச்சிருக்காங்க, உங்க ஊர்ல விசாரிங்க, அங்க பிபி பாத்துட்டுத்தான் ஆரம்பிப்பாங்க.

காவேரிக்கரை:

மூணு வாரம் கழிச்சு எழுதறேன், மன்னிச்சுக்கங்க. ஒவ்வொருத்தர் எழுதினதையும் நாலஞ்சு தடவை படிச்சேன்.

முதல்ல நர்ஸ் தங்கச்சி கேட்டதுக்குப் பதில். தம்பி ஒருத்தன் இருக்கான், பெங்களூர்ல. இது வரைக்கும் நான் கேட்டதே இல்ல, அவனும் கேக்கல. உங்க எழுத்தைப் படிச்ச அன்னைக்கே போன் பண்ணேன். இப்ப புதன், சனி ராத்திரிக்கு ஒரு அம்மா வந்து படுக்கறாங்க, பணம் அவன் தர்றான். முதல் புதன்கிழமை ஒம்பதரைக்குப் படுத்தேன், அஞ்சே முக்காலுக்கு எழுந்தேன். எழுந்ததும் எந்த ஊர்ல இருக்கேன்னே ஒரு நிமிஷம் தெரியல.

பாட்டு. சித்தியைக் கேட்டு பதினெட்டு பாட்டு எடுத்தேன். அஞ்சு மணிக்கு லைட்டைப் போட்டுட்டு ஸ்பீக்கரையும் போடறேன். பத்து நாள்ல ஒரு ஆறு நாள் அம்மா வாசலுக்குப் போகல. மீதி நாள் போனாங்க, ஆனா பழைய கோவம் இல்ல. ஒரு பாட்டு அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சது, அது ஓடும்போது "அவர் ஏன் இன்னும் வரல"ன்னு கேக்க ஆரம்பிச்சு ராத்திரி பூரா அதே கேள்வி. சுருதிப்பெட்டி மேடம் முன்னாடியே சொல்லியிருந்தாங்க, மறுநாள் எடுத்துட்டேன். இப்ப பதினேழு.

கால் நாற்காலி மேல போடறது, சமையல் மேடை ரெண்டும் தினமும் நடக்குது. நாலு ஆறு எண்ணிக்கை எனக்கு வரல, எண்ணும்போது மனசு வேற கணக்கு போடப் போயிடுது. அதனால "ச" பிடிக்கிறேன், நாலு கட்டைல. முதல் வாரம் குரல் கரகரன்னு இருந்துச்சு, ஏழு செகண்ட் நிக்கல, இப்ப பன்னண்டு வருது. போன வாரம் பிபி 138க்கு 88, மாத்திரையாலயா தூக்கத்தாலயான்னு டாக்டரும் பிரிச்சுச் சொல்லல, மாத்திரை அப்படியே இருக்கட்டும்னாங்க. அழுகை இன்னும் வருது, ஆனா தினமும் இல்ல, தூங்கின மறுநாள் வர்றதில்ல. அந்த நம்பரை எழுதி ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருக்கேன்.

நேத்து சரளி வரிசை ரெண்டாவது பாடும்போது ஆதி தாளம் போட்டேன், விரல் எண்ணும்போது ஒண்ணைத் தவற விட்டுட்டேன் போல. அம்மா சட்டுனு என் கையைப் பிடிச்சு, சுண்டு விரல்ல இருந்து திரும்ப எண்ண வச்சாங்க. முகத்துல அந்தப் பழைய கண்டிப்பு. அப்புறம் "நீ யாரு வீட்டுப் பொண்ணு"ன்னு கேட்டாங்க. உங்க வீட்டுப் பொண்ணுதாம்மான்னேன். "அப்ப சரியாப் போடு"ன்னாங்க.

மேடம், ரெண்டாவது காலம் இப்ப ஆரம்பிக்கலாமா, இல்ல இன்னும் கொஞ்ச நாள் முதல் காலத்துலயே இருக்கணுமா?

சுருதிப்பெட்டி:

பதினாலு வரிசையும் முதல் காலத்துல மூச்சு வாங்காம வர்ற வரைக்கும் ரெண்டாவது காலம் வேண்டாம். தாளத்தை அம்மாவையே போடச் சொல்லுங்க, நீங்க பாட மட்டும் செய்ங்க.